பாலக்கீரையில் எவ்வளவு ஆக்சலேட்? – கடிதம்

வணக்கம் ஐயா,

என் கணவருக்குச் சிறுநீரகக் கல். கால்சியம் ஆக்சலேட் கல் என்று சொன்னார்கள். பாலக்கீரையைப் பற்றித் தேடினால், 100 கிராமில் 700 மில்லிகிராம் ஆக்சலேட் என்கிறது ஒரு பட்டியல். இன்னொன்று 7,000 என்கிறது. எதை நம்புவது? இதை ஆய்வகத்தில் எப்படித்தான் அளக்கிறார்கள்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆக்சலேட் என்பது கீரைகளில் இயல்பாகவே இருக்கும் ஆக்சாலிக் அமிலத்தின் உப்பு. நீங்கள் சொன்ன இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். பச்சைக் கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அப்படியே எடைபோட்டால் 700 வரும் கீரை, உலர்த்திப் பொடியாக்கி எடைபோட்டால் 7,000 ஆகிவிடும். பல ஆய்வுக் கட்டுரைகள் உலர் எடையில்தான் கணக்குச் சொல்லும். அதை எடுத்துப் போடுகிறவர்கள் ‘உலர் எடை’ என்பதை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் கல் வலியோடு இருக்கும்போது அது சின்னத் தவறு அல்ல.

கீரைப் பொடியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கினால் மொத்த ஆக்சலேட்டும் கரைந்து வரும். வெறும் வெந்நீர் என்றால் கரையும் பகுதி மட்டும், அதாவது பொட்டாசியம், சோடியம் ஆக்சலேட் மட்டும் வரும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட். சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அந்த ஊசிப் படிகங்களும் இதுதான். குடல் எளிதாக உறிஞ்சுவது கரையும் பகுதியை. உங்களுக்கு வேண்டியது அந்த எண்.

அளப்பதற்கு, கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் நடப்பது பெர்மாங்கனேட் டைட்ரேஷன்; ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பது. சாற்றில் கால்சியம் குளோரைடு சேர்த்தால் ஆக்சலேட் வெள்ளையாகப் படியும். அதை வடிகட்டிக் கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, 70 டிகிரி வரை சூடாக்குவார்கள். பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து விழும் முதல் சில ஊதாத் துளிகளின் நிறம் போக நேரமாகும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்தும் ஊக்கியாக மாறிவிடுவதால், அப்புறம் விழுந்தவுடனே மறையும். கடைசியில் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் முடிந்தது. 0.1 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) பெர்மாங்கனேட் கரைசல் 1 மில்லிலிட்டர் செலவானால் 4.5 மில்லிகிராம் ஆக்சாலிக் அமிலம் என்று கணக்கு.

படிய வைத்து வடிகட்டாமல் சாற்றிலேயே நேராகச் சொட்டவிட்டால், கீரையிலுள்ள வைட்டமின் சி-யும் பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும். இல்லாத ஆக்சலேட் கணக்கில் ஏறும். எச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ நிறப்பிரிகை) கருவி ஆக்சலேட்டைத் தனியே பிரித்து அளப்பதால் அதில் இந்தத் தொல்லை குறைவு.

சமையலுக்கு வருகிறேன். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்; கரையும் பகுதி கணிசமாகக் குறையும். கூடத் தயிர் சேர்த்துக்கொண்டால் அதன் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மட்டும், அவருடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவரிடமே கேளுங்கள்.