மங்குக்குப் போட்ட ட்யூபை நிறுத்தினால் ஏன் முன்பைவிடக் கருக்கிறது?

குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மேலுதட்டிலும் பழுப்பாகத் திட்டு (இதைத்தான் மங்கு என்கிறோம், டாக்டர்கள் மெலாஸ்மா என்பார்கள்) வந்தது, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ட்யூபைப் போட்டதும் பளிச்சென்று ஆகிவிட்டது, சில மாதம் கழித்து நிறுத்தினதும் முன்பைவிடக் கருப்பாக வந்து எரிச்சலும் சிவப்பும் சேர்ந்துகொண்டது, இனி எந்த க்ரீம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கதையைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நிறையவே கேட்டிருக்கிறேன். அனேகமாக எல்லோரும் அடுத்த க்ரீமின் பெயரைத்தான் கேட்பார்கள், போட்ட க்ரீமில் என்ன இருந்தது என்று கேட்பவர் அபூர்வம்.

முதலில் அந்த ட்யூபின் அட்டையில் பொடி எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெடினோயின், மோமெடசோன் என்று மூன்று பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். முதலாவது கருமை உருவாவதைக் குறைக்கும், இரண்டாவது தோல் உரிந்து புதிதாவதை வேகப்படுத்தும், மூன்றாவது ஸ்டீராய்டு. முதல் வாரங்களில் முகம் பளபளப்பதற்கு ஸ்டீராய்டு ஒரு பெரிய காரணம், ரத்தக்குழாயைச் சுருக்கி அழற்சியை அமுக்கிவிடும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் சிவப்பாகத் தெரியும், பரு வரும், சிலருக்கு மீசை மாதிரி முடிகூட வளரும். நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் திரும்பி வரும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி போடுவார்கள், அப்புறம் விடவே முடியாது.

இந்தக் கூட்டு மருந்தே கெட்டது என்று சொல்லவில்லை. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் வெளியிட்ட சூத்திரத்தின் வழியில் வந்தது இது. டாக்டர் பார்வையில், எட்டு வாரம் போலப் போட்டு நிறுத்த வேண்டிய மருந்து, தினசரி ஃபேஸ் க்ரீம் இல்லை. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி, கடையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு அந்த ட்யூபை மறுபடி தொடாதீர்கள். எரிச்சல் அடங்கும்வரை மைல்டான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், அவ்வளவுதான். சிவப்பு அதிகமாக இருந்தால் தள்ளிப்போடாமல் தோல் டாக்டரைப் பாருங்கள், ஸ்டீராய்டு இல்லாமல் அதை அடக்க அவர்களிடம் மருந்து இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

மங்கு எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் புரியும். தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் செல்கள் கர்ப்பகாலத்தில் ஹார்மோனால் முடுக்கிவிடப்படுகின்றன, கருத்தடை மாத்திரையிலும் இது நடக்கும், குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடுதல். ஆனால் அதை அணையாமல் வைத்திருப்பது வெயில். புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கருமையைக் கிளப்பும். அதனால் மங்குக்கு வெள்ளை சன்ஸ்க்ரீனைவிட இரும்பு ஆக்சைடு சேர்ந்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்க்ரீன் நல்லது. அளவும் முக்கியம்: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். தினம் இரண்டு வேளை இப்படிப் போட்டால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதம்கூட வராது. உங்களுக்கு மூன்று மாதம் வருகிறது என்றால் பொட்டு வைக்கிற அளவுக்குத்தான் போடுகிறீர்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் குடையை எடுங்கள், வண்டியில் போகும்போது துப்பட்டாவை முகத்தில் சுற்றுங்கள், அதுவும் வைத்தியம்தான்.

மருந்து என்று பார்த்தால் அசெலெயிக் அமிலம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் எழுதுகிற அளவுக்குப் பாதுகாப்பானது. ஹைட்ரோகுவினோன் மட்டும் தனியாகவும் கிடைக்கும், அதையும் சில மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, அளவு மீறினால் நீலம் கலந்த கருமை படிந்து போகவே போகாது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்குக்குத் தரும் ட்ரானெக்சாமிக் அமில மாத்திரையைக் குறைந்த அளவில் மங்குக்கும் எழுதுகிறார்கள், நன்றாகவே கேட்கிறது, ஆனால் ரத்தம் உறையும் தொந்தரவு இருந்தவர்களும் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. லேசருக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள், நம் நிறத்தில் அது சில சமயம் கருமையைக் கூட்டிவிடும். எதைப் போட்டாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும், பத்து நாளில் வெளுத்தால் அந்த க்ரீமைச் சந்தேகப்படுங்கள்.

எலுமிச்சைச் சாறு வேண்டாம், அதைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து புதிதாகக் கருப்பு விழும். கஸ்தூரி மஞ்சள் போட ஆசையென்றால் எரிச்சல் அடங்கிய பிறகு போடுங்கள், மங்கு போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரும் முகவரியும் இல்லாத டப்பா க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளாவில் மலப்புரம் பக்கம் அப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகமே பாதித்திருந்ததை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

கரும்புள்ளி என்று தேடி இங்கே வருகிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரு ஆறின இடத்தில் விழும் கருமை சில மாதத்தில் தானே குறையும், கிள்ளாமல் இருந்தால் போதும். கழுத்துப் பின்பக்கமும் அக்குளும் வெல்வெட் மாதிரி தடித்துக் கருத்திருந்தால் அது அழுக்கு இல்லை, நாரைப் போட்டுத் தேய்க்காமல் சர்க்கரை டெஸ்ட் எடுங்கள். நைலான் நாரால் வருஷக்கணக்கில் தேய்ப்பதே முதுகிலும் கையிலும் கருமை வரக் காரணமாவதுண்டு. ஹேர் டை மாற்றின பிறகு நெற்றியோரம் கருத்தால் டையை நிறுத்திப் பாருங்கள். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ ஒரு கருப்பு பெரிதாகிக்கொண்டோ வடிவம் மாறிக்கொண்டோ இருந்தால் க்ரீம் தேடாமல் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.