ஒரு நாடு திடீரென்று பதக்கங்களை அள்ளினால் ஊக்கமருந்து என்று சந்தேகிப்பது நியாயமா?

சந்தேகிப்பதில் தப்பில்லை, ஆனால் அதுவே ஆதாரம் ஆகாது. கிழக்கு ஜெர்மனி கதையைப் பாருங்கள்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அந்நாட்டுப் பெண்கள் நீச்சலில் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை. 1976 மாண்ட்ரியலில் 13 தங்கத்தில் 11 அவர்களுக்கே. மக்கள்தொகையோ சுமார் 1.7 கோடிதான். அகன்ற தோள், கட்டைக் குரல் என்று பேச்சு கிளம்பியபோது, "நீந்த வந்தார்கள், பாட அல்ல" என்று அவர்களுடைய அணித் தரப்பில் பதில் வந்ததாகச் சொல்வார்கள். வெளிப்படையாகச் சந்தேகம் கிளப்பிய அமெரிக்க வீராங்கனை ஷர்லி பாபாஷாஃபுக்கோ, தோல்வியைத் தாங்காதவர் என்ற கெட்ட பெயர்தான் மிச்சம்.

அப்புறம் பெர்லின் சுவர் விழுந்தது. உயிரியல் விஞ்ஞானி வெர்னர் ஃபிராங்கே, முன்னாள் தடகள வீராங்கனை பிரிகிட்டே பெரெண்டோங்க் தம்பதி தேடியெடுத்த ஆவணங்களில் எல்லாம் வெளிவந்தது. ஓரல் டூரினபால் என்ற, தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு மருந்து, குட்டி நீல மாத்திரை. சத்து மாத்திரை என்று சொல்லிப் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கே கொடுத்திருக்கிறார்கள். 1974இல் அரசே போட்ட திட்டம் இது.

சரி, சோதனையில் ஏன் சிக்கவில்லை? கிரைஷா என்ற ஊரிலிருந்த அவர்களுடைய ஆய்வகத்திலேயே முன்கூட்டிச் சோதித்துவிடுவார்கள். மருந்து தெரிந்தால் அந்த வீரர் வெளிநாட்டுக்குப் போகமாட்டார். திருடனைப் பிடிக்க வேண்டிய கருவி திருடன் கையில்!

கிழக்கு ஜெர்மனியின் முன்னாள் விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரட் எவால்டுக்கு 2000இல் நீதிமன்றம் தண்டனை விதித்தது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. மாண்ட்ரியல் பதக்கங்கள் மட்டும் இன்றுவரை திரும்பப் பெறப்படவில்லை.