சதுரங்கம்: கேள்வி பதில்

ஒரு கிளப் அணிப் போட்டியில் வெள்ளையில் ஆடினேன். கடைசியில் என் ராஜா டி5, சிப்பாய் ஈ5, யானை ஏ7. எதிராளி ராஜா ஈ8, யானை பி6. டிரா ஆனது. சிப்பாய் கூடுதலாக இருந்தும் கோட்டை விட்டாயே என்கிறார்கள். எங்கே தவறினேன்?
– பெரம்பூர் வாசகர்

இந்த நிலையில் தவற ஒன்றுமில்லை. 1777-லேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய தற்காப்பு இது. கறுப்பு யானை 6-வது வரிசையில் நிற்கும்வரை உங்கள் ராஜா முன்னேற முடியாது. யானையை ஏ6-க்குக் கொண்டுபோனால் வெட்டிவிடுவார். சிப்பாயை ஈ6-க்குத் தள்ளினால் அவர் யானை பி1-க்கு இறங்கும். பிறகு உங்கள் ராஜா டி6 வந்ததும் டி1-லிருந்து செக், ஈ5 போனால் ஈ1-லிருந்து செக். ராஜா ஒதுங்கும் இடமாக இருந்த ஈ6-ல் இப்போது உங்கள் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது! சிப்பாய் 6-வது வரிசைக்கு வரும்வரை அவர் பொறுமையாகக் காத்திருப்பதும் இதற்குத்தான்.

ஸ்கோர்ஷீட்டை (நகர்த்தல்களை எழுதிய தாளை) எடுத்து, அவர் யானை பி6-க்கு வந்த நகர்த்தலைத் தேடுங்கள். அதற்கு முன் உங்கள் ராஜாவை ஈ6-க்கு ஏற்ற முடிந்ததா? முடிந்திருந்தாலும் அவர் ராஜா எஃப்8 வழியாகக் குட்டைப் பக்கம் (சிப்பாய்க்கு அப்பால் கட்டங்கள் குறைவான பக்கம்) ஒதுங்கி, யானையை ஏ ஃபைலுக்குக் (செங்குத்து வரிசைக்கு) கொண்டுபோய்ப் பக்கவாட்டில் செக் கொடுத்தால் டிராதான். ராஜாவை டி8 பக்கம் விட்டால் தோற்பார். கடிகாரம் துரத்தும்போது பலர் அதைத்தான் ஆடுகிறார்கள். அதைவிட நல்லது, அவர் ராஜா ஜி ஃபைலில் இருந்தபோதே உங்கள் யானையை எஃப்1-ல் வைத்து, சிப்பாயின் பாதைக்கு வராமல் மறித்திருப்பது.

ஒரே நிலை 3 முறை வந்தது என்று, நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திய பிறகு டிரா கேட்டேன். ஆர்பிட்டர் (நடுவர்) மறுத்தார். நியாயமா?
– தாம்பரம் வாசகர்

நியாயம்தான். உங்கள் நகர்த்தலால் அந்த நிலை வரப்போகிறது என்றால், அதை ஸ்கோர்ஷீட்டில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல் ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். 3 முறையும் அடுத்தடுத்து வரத் தேவையில்லை. ஆனால் நகர்த்தும் முறை அதே ஆட்டக்காரருடையதாக இருக்க வேண்டும். கேட்டது தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

எங்கள் அணி 2–1 என முன்னிலையில் இருந்தபோது கேப்டன் "டிரா கேள்" என்றார். விதிமீறலா?
– மயிலாப்பூர் வாசகர்

இல்லை. டிரா கேட்க, ஏற்க, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லலாம். போர்டு நிலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கக்கூடாது. 4 போர்டு போட்டியில் அந்த அரைப் புள்ளியோடு 2½ ஆகி, மேட்ச் உங்களுக்கு. மாமல்லபுரம் ஒலிம்பியாடில் (2022) இப்படி மேட்சை வென்ற அணிக்கு 2 மேட்ச் புள்ளி, சமன் செய்தால் 1. முதலில் நகர்த்துங்கள், டிரா கேளுங்கள், அப்புறம் கடிகாரத்தை அழுத்துங்கள். இருவரும் ஸ்கோர்ஷீட்டில் '=' குறிக்க வேண்டும்.