டூப்பு இல்லாத சண்டை

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் டிவியில் டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்தச் சண்டைதான். ‘அத்தனையும் டூப்பு, யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள்’ என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: டூப்பு என்கிறீர்கள். நம் ஊர் சினிமாவில் டூப் போடுகிறவர் யார்? கதாநாயகன் மாடியிலிருந்து குதிப்பதாகக் காட்டுவதற்காக நிஜமாகவே குதிக்கிறவர். முகம்தான் வேறு, அடிபடுகிற முதுகு அவருடையது. உங்கள் மகன் பார்க்கும் சண்டையில் அந்த வசதிகூடக் கிடையாது. நட்சத்திரமும் அவரே, டூப்பும் அவரே. அதுவும் ஒரே டேக், ஆயிரக்கணக்கான பேர் முன்னால்.

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே முடிவாகிறது என்பது உண்மை. அது உங்கள் மகனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எங்கள் தலைமுறைதான் மல்யுத்த வீரர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு அண்டர்டேக்கர் என்ற வீரருக்கு ஏழு உயிர் என்று நம்பியது. இன்றைய பிள்ளைகள் வீரர்களின் சொந்தப் பெயர், சம்பளம், காயம் வரை விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நம்பிக்கை உடைந்ததால் அல்ல. தனக்குப் பிடித்த ஆள்கள் படும் பாட்டை அம்மா ஒரே சொல்லில் தள்ளிவிட்டாளே என்ற வருத்தம்தான். நான் அவன் பக்கம்.

அந்த மேடை எதனால் ஆனது தெரியுமா? இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, பலகைமேல் மெல்லிய பஞ்சு விரிப்பு, அதற்கும் மேல் கித்தான். தூக்கி அடிக்கப்படுகிறவர் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை பலகையில் மோதும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், இரண்டு கைகளும் பக்கவாட்டில் பளாரென்று அறைய வேண்டும். வீட்டு டிவியில் கேட்கும் சத்தம் அதுதான். தூக்குகிறவரின் வேலை இன்னும் கஷ்டம். ஆக்ரோஷமாக முகத்தைக் காட்டிக்கொண்டே எதிராளியின் கழுத்தைக் காப்பாற்ற வேண்டும். இதில் எந்த இடத்தில் டூப்பு இருக்கிறது?

‘அந்தக் காலத்தில் பயில்வான் தாரா சிங்கும் கிங்காங் என்ற மல்யுத்த வீரரும் மோதினார்களே, அதுவல்லவா நிஜம்’ என்று சொல்லும் மூத்த வாசகர்களோடு இதே பக்கத்தில் பல வருஷமாக எனக்கு வழக்கு. தாரா சிங் மண்ணில் குஸ்தி பழகியவர், அவர் பலத்தில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. 1968 மே மாதம் பம்பாயில் அவர் தோற்கடித்த அமெரிக்கர் லூ தெஸ், வேண்டுமென்றால் யாருடைய கையையும் நிஜமாக முறித்துப்போடக்கூடிய வித்தைக்காரர். ஆனால் அவர்கள் எல்லாருமே முடிவை முன்கூட்டியே பேசி வைக்கும் இதே தொழிலின் கட்டுக்குள் ஆடியவர்கள்தான். அமெரிக்காவில் இந்தக் கட்டு 1920-களிலேயே இறுகிவிட்டது. ‘ஸ்ட்ராங்லர்’ எட் லூயிஸ், அவர் மேலாளர் பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்ற மூவர் கூட்டணி சேர்ந்தார்கள். மணிக்கணக்கில் இருவர் கட்டிப் புரளும் பழைய குஸ்தி ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. அதை வேகமாக்கி, தொடர்கதையாக்கி, ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள்.

அவர்களுக்கு விழுந்த அடி இருக்கிறதே, அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. 1925 தொடக்கத்தில் வெயின் மன் என்ற கால்பந்து வீரரைச் சாம்பியனாக்கினார்கள். ஆஜானுபாகு, குஸ்தி தெரியாது. அந்த ஏப்ரலில் பிலடெல்பியாவில் அவரிடம் தோற்றுக் கொடுப்பதற்காக ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ என்ற போலந்துக்காரரை ஏற்பாடு செய்தார்கள். ஸ்பிஸ்கோ மேடையேறினார், பேசி வைத்ததை மறந்தார், மன்னை நிஜமாகவே பிடித்து மறுபடி மறுபடி மல்லாத்தினார். மூவருக்கும் போட்டியான இன்னொரு கூட்டம் அவரை ஏற்கெனவே விலைக்கு வாங்கியிருந்தது. அடுத்த மாதமே பட்டத்தை அந்தக் கூட்டத்தின் ஜோ ஸ்டெச்சரிடம் தோற்றுக் கொடுத்துவிட்டார். இதே ஸ்பிஸ்கோதான் 1910-ல் லண்டனில் நம் காமா பயில்வானோடு மோதி, இரண்டரை மணி நேரம் தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்து டிரா வாங்கியவர். மறுவாரம் திரும்ப மோத வரச் சொன்னார்கள், ஆளைக் காணோம். 1928-ல் பட்டியாலாவில் காமா அந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பேசி வைத்துக்கொள்வது என்ற ரகசியத்தை இந்தத் தொழில் உயிரைப் போலக் காத்தது. நல்லவன் வேஷம் கட்டுகிறவரும் கெட்டவன் வேஷம் கட்டுகிறவரும் வெளியே சேர்ந்து டீ குடிக்கக்கூடாது. 1987-ல் நியூஜெர்சி நெடுஞ்சாலையில் போலீஸ் ஒரு காரை நிறுத்தியது. உள்ளே ஜிம் டகன், அமெரிக்கக் கொடியைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வருகிறவர். பக்கத்தில் அயர்ன் ஷேக், ‘ஈரான் நம்பர் ஒன்’ என்று கத்திக் கூட்டத்திடம் வசை வாங்குகிறவர். இருவரும் ஜென்ம விரோதிகள் என்று அந்த வாரம்கூட டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. காரில் போதைப்பொருளும் இருந்தது. ஆனால் நாடே வாயைப் பிளந்தது போதைப்பொருளுக்காக அல்ல, இந்த இரண்டு பேரும் ஒரே காரில் போனார்களே என்றுதான். இரண்டு பேருக்கும் வேலை போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்ட ஈரானியராக வாழ்ந்த அந்த ஷேக், 1970-களில் அமெரிக்க மல்யுத்த அணிக்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

அவர்கள் ஏன் ஒரே காரில் போனார்கள்? இந்தக் கேள்வியில்தான் எனக்கு அக்கறை. ஊர் விட்டு ஊர் போகும் கார் வாடகையும் ஓட்டல் வாடகையும் வீரர்களே கொடுக்க வேண்டும். சேர்ந்து போனால் செலவு பாதி. இத்தனைக்கும் அதே 1987-ல்தான் உங்கள் மகன் பார்க்கும் சண்டையை நடத்தும் இந்த நிறுவனம் மிச்சிகனில் ஒரு மைதானத்தை நிரப்பி, 93,173 பேர் வந்தார்கள் என்று அறிவித்தது. அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்றும் சண்டை நடக்கிறது, கிடக்கட்டும். அத்தனை கூட்டம் கூட்டும் கம்பெனியில் விழுந்து எழுகிறவர் தன் பெட்ரோலைத் தானே போட்டுக்கொண்டு போனார்.

ரகசியத்தை உடைத்ததும் வீரர்கள் அல்ல. 1989-ல் நியூஜெர்சி மாநில செனட்டில் போய், இது விளையாட்டுப் போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று நிறுவனமே சொன்னது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்ப வேண்டியிருந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, ‘இது பொய்தானே’ என்று கேட்ட டிவி நிருபரை டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் அறைந்து கீழே தள்ளினார். தொழிலின் மானத்தைக் காப்பதாக நினைத்து அடித்தவர் அவர். லாபம் என்று வந்ததும் அந்த மானத்தை ஒரு மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் பெரிய பொய் எது என்று கேட்டால் நான் மேடையைக் காட்டமாட்டேன், ஒப்பந்தத்தைக் காட்டுவேன். வீரர் எந்த ஊரில், எந்த நாளில், என்ன உடையில், யாரிடம் தோற்க வேண்டும் என்று கம்பெனி சொல்லும். வேறு எங்கும் ஆட விடாது. ஆனால் காகிதத்தில் அவர் ஊழியர் அல்ல, ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’. மேடையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவைக் கம்பெனி ஏற்கிறது, அதை மறைக்கவில்லை. மற்றபடி மருத்துவக் காப்பீடு அவர் பாடு, ஓய்வுக்காலம் அவர் பாடு. தலையில் பட்ட அடிகளால் மூளை கெட்டதாக 2016-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

சங்கம் இல்லையா என்று கேட்பீர்கள். 1986-ல் கம்பெனியின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸில்மேனியா நெருங்கும் நேரத்தில் ஜெஸ்ஸி வென்சுரா என்ற மல்யுத்தக்காரர் உடை மாற்றும் அறையில் அந்தப் பேச்சை எடுத்தார். இதுதான் சமயம், ஒன்று சேருங்கள் என்றார். சேதி முதலாளி வின்ஸ் மெக்மேன் காதுக்கு உடனே போய்விட்டது. கொண்டுபோனது யார் என்று வென்சுராவுக்குப் பல ஆண்டுகள் தெரியவில்லை. பின்னாளில் அவர் போட்ட ராயல்டி வழக்கில், சத்தியப் பிரமாணத்தின் பேரில் மெக்மேனே சொன்னார்: கம்பெனியின் பெரிய நட்சத்திரம் ஹல்க் ஹோகன். ஹோகன் 2025-ல் காலமானபோது இதை எழுதினேன். ‘செத்தவரை ஏசலாமா’ என்று சில வாசகர்கள் கோபித்துக் கடிதம் போட்டார்கள். வழக்கில் பதிவான வாக்குமூலம் அது. இன்னும் பத்து முறை கேட்டாலும் இதையே எழுதுவேன். வென்சுரா அந்த வழக்கில் எட்டு லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார், பிறகு மினசோட்டா மாநிலத்தின் ஆளுநரும் ஆனார். சங்கம் மட்டும் இன்றுவரை வரவில்லை. நம் சென்னையில் டூப் போடுகிறவர்களுக்கு ஸ்டண்ட் யூனியன் இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய மல்யுத்தக் கம்பெனியில் அதுகூட இல்லை.

1999 மே 23. கேன்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் என்ற வீரரை அரங்கக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்குவதாக ஏற்பாடு. மாட்டியிருந்த கொக்கி விடுபட்டு, எழுபது அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று டிவி பார்த்தவர்களுக்குச் சொன்னார்கள், அரங்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குச் சொல்லவில்லை. அவர் விழுந்த அதே மேடையில் அடுத்த சண்டைகள் நடந்தன. குடும்பத்துக்கு நஷ்டஈடாக ஒரு கோடியே எண்பது லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். இருபத்தைந்து ஆண்டு ஆகியும் இதை நினைத்தால் எனக்குக் கொதிக்கிறது.

2023-ல் இந்தக் கம்பெனி, நிஜச் சண்டைப் போட்டி நடத்தும் யு.எஃப்.சி.யோடு இணைந்தது. 2025 தொடங்கி ‘ரா’ என்ற அதன் வாராந்தர நிகழ்ச்சியை பத்து ஆண்டுக்குக் காட்ட நெட்ஃபிளிக்ஸ் கொடுக்கும் தொகை 500 கோடி டாலருக்கும் மேல். ஒப்பந்தத்தில் வீரர் இன்னமும் ‘சுயேச்சை’தான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டூப்பு என்ற சொல்லை அவனிடம் மறுபடி எடுக்காதீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘தூக்கிப் போடுகிறவர் கை எங்கே இருக்கிறது, காட்டு’ என்று கேளுங்கள். கழுத்தை எப்படித் தாங்குகிறார் என்று அவனே விளக்குவான். அந்தக் கையைப் பழக எத்தனை வருஷம் ஆகும் என்று அப்போது பேசலாம். தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கட்டில் மெத்தையில் தூக்கிப் போட்டுப் பார்க்க மட்டும் விடாதீர்கள். அதில் கண்டிப்பாக இருங்கள்.