பாரம்பரியக் கத்தோலிக்கக் குழுக்கள் சிலவற்றை ‘கல்ட்’ (தலைவர் ஒருவரின் முழுக் கட்டுப்பாட்டில் இயங்கும் மூடிய குழு) என்று ஏன் குற்றம் சாட்டுகிறார்கள்?

லத்தீன் திருப்பலி, முக்காடு, முழந்தாளிட்டு நற்கருணை வாங்குவது ஆகியவற்றுக்காக ஒரு குழுவை அப்படி அழைப்பது அநியாயம். பழைய வழிபாட்டை நேசிப்பது குற்றமல்ல. ஒருவர் கையில் எவ்வளவு அதிகாரம் குவிந்திருக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லெனர்டு ஃபீனி என்ற குருவைச் சுற்றி உருவான குழுவைப் பாருங்கள். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்ற போதனைக்கு அவர் மிகக் கடுமையான பொருள் கொண்டார். இயேசு சபை அவரை வெளியேற்றியது; 1953இல் ரோம் அவரைத் திருச்சபையிலிருந்தே விலக்கியது. 1958இல் குழு ஹார்வர்டு என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது (பல்கலைக்கழகம் இருப்பது வேறு ஊரில்). கணவனும் மனைவியும் துறவிகளைப்போலப் பிரிந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய 39 பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, குழுவின் பொறுப்பில் வளர்ந்தார்கள். அம்மா அதே வளாகத்தில்தான் இருப்பார். ஆனால் மகள் அவரிடம் ஓடிப்போய்ப் பேச முடியாது. இதைப் பக்தி என்று என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது.

ஃபீனி 1972இல் திருச்சபையோடு ஒப்புரவானார். பிள்ளைகள் இழந்த பால்யம் திரும்பவில்லை.

திருச்சபைச் சட்டமே இதில் தெளிவாக இருக்கிறது: துறவற சபையின் தலைவர், உறுப்பினர் ஒருவரை அவருடைய மனச்சான்றைத் தம்மிடம் திறந்துகாட்டும்படி எவ்விதத்திலும் தூண்டக் கூடாது என்கிறது 630ஆம் பிரிவு. எனவே இத்தகைய குழு நடத்தும் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்குமுன் கேளுங்கள்: பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு குருவிடம் போகலாமா? வீட்டுக்கு எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களா? விலகிப்போன குடும்பத்தோடு பேசலாமா?