ஒரே அக்கவுன்ட், எட்டுப் பேர்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற சேர்மத்தைப் புரதங்களோடு டாக்கிங் செய்து (கணினியில் பொருத்திப் பார்த்து), பிறகு மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. லேபில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருக்கிறது. எட்டுப் பேரும் ஒரே அக்கவுன்ட்டில் நுழைகிறோம். போன வாரம் ஒருவர் டெர்மினலைத் திறந்ததும் படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் ஏதோ ஒரு வரி சேர்த்தார். அதற்குப் பிறகு டெர்மினலில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை கூட வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் இன்னொருவர் தன் ஓட்டத்தை நிறுத்தப் போய், இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த என்னுடையதும் நின்றுவிட்டது. ஆளுக்கொரு அக்கவுன்ட் போடலாமா சார் என்று கைடிடம் கேட்டேன். "நமக்குள்ள என்னத்துக்கும்மா தனித்தனி பூட்டு?" என்கிறார். நல்ல மனுஷர், அவர் மனசு கோணக்கூடாது. என்ன செய்யட்டும்?

ஆய்வு மாணவி, பாளையங்கோட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் சாரின் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் லினக்ஸுக்கு ஆட்களைத் தெரியாது, அக்கவுன்ட்டைத்தான் தெரியும். எட்டுப் பேர் ஒரே பெயரில் நுழைந்தால் அதன் கணக்கில் நீங்கள் எல்லோரும் ஒரே ஆள். உங்கள் ஓட்டம் நின்றது அனேகமாக இதனால்தான்: ஒரு பெயரில் ஓடுவதையெல்லாம் நிறுத்தும் கில்லால் கட்டளையோடு, குரோமாக்ஸின் கட்டளைப் பெயரான ஜிஎம்எக்ஸைச் சேர்த்து அடித்தால், அந்த அக்கவுன்ட்டில் ஓடும் எல்லா ஜிஎம்எக்ஸும் நின்றுபோகும். தனி அக்கவுன்ட் இருந்திருந்தால் அதே கட்டளை அவருடையதை மட்டும் நிறுத்தியிருக்கும், உங்களுடையதைத் தொட அனுமதி கிடைத்திருக்காது. சாரிடம் பூட்டைப் பற்றிப் பேசாதீர்கள். அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிக்கச் சாயங்காலமே கிளம்பும் பிள்ளையின் ஓட்டம் விடியும்வரை பத்திரமாக ஓட வேண்டாமா சார் என்று கேளுங்கள். அவர் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

பகிர்ந்துகொள்வது இதனால் கெடாது. எட்டுப் பேரையும் ஒரு குழுவில் சேர்த்து, எஸ்ஆர்வி என்ற அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) பொது அடைவு ஒன்றைத் திறந்து, அதைக் குழுவுக்கு உரியதாக்கி, அனுமதி 2775 கொடுங்கள். முன்னால் இருக்கும் அந்த 2 முக்கியம். அது இருந்தால் உள்ளே யார் புதுக் கோப்பு போட்டாலும் அது குழுவின் பெயரிலேயே பிறக்கும். எல்லோருக்கும் யூமாஸ்க், அதாவது புதுக் கோப்பின் அனுமதியிலிருந்து கழிக்கும் எண், 002 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். 022 என்றிருந்தால் கூட இருப்பவர் படிக்கலாம், திருத்த முடியாது. அவரவர் அக்கவுன்ட்டுக்குரிய வீட்டு அடைவில் (ஹோமில்) வைத்துப் பகிரலாம் என்று நினைக்காதீர்கள். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் வீட்டு அடைவுகள் அடுத்தவருக்குத் திறக்காது.

குழுவில் ஆளைச் சேர்க்கும்போது ஒரு கவனம். அக்கவுன்ட்டைத் திருத்தும் யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி-யோடு சின்ன ஏ-யும் கட்டாயம் இருக்க வேண்டும். அதை விட்டால் அந்த ஆள் ஏற்கெனவே இருந்த மற்றக் குழுக்களிலிருந்தெல்லாம் வெளியேறிவிடுவார், நிர்வாகி உரிமை தரும் சூடோ குழு உட்பட. சூடோ உள்ளவர் லேபில் ஒருவர்தான் என்றால் பிறகு பெரிய பாடு. சேர்த்த பிறகு அவர் ஒருமுறை வெளியே போய் மறுபடி நுழைந்தால்தான் குழு செல்லுபடியாகும்.

இனி அந்த எல்எஸ் விஷயம். நீங்கள் ஒரு கட்டளையை அடித்ததும், பாத் என்ற மாறியில் எழுதியிருக்கும் அடைவுகளில் வரிசையாகத் தேடி, முதலில் கண்ணில் பட்டதை ஷெல் (கட்டளையை வாங்கி நடத்தும் நிரல்) ஓட்டுகிறது. உங்கள் நண்பர் குரோமாக்ஸின் அடைவை அதில் எழுதியவர், பழைய பாத்தையும் கூடச் சேர்க்க மறந்திருப்பார். அப்படியானால் பட்டியலில் மிஞ்சுவது குரோமாக்ஸ் அடைவு மட்டும்தான், எல்எஸ்ஸைத் தேட வேறு இடம் கிடையாது. மறுபடி நேர்ந்தால் பதறாதீர்கள். நானோ என்ற எடிட்டரை /பின்/நானோ என்று முழு முகவரி கொடுத்துக் கூப்பிட்டு, பாஷ்ஆர்சியைத் திறந்து அந்த வரியைத் திருத்திவிடலாம்.

இதைவிட எனக்குப் பயம் சத்தமில்லாமல் நடக்கும் தப்புதான். ஒருவர் பாஷ்ஆர்சியில், மென்பொருள்களைத் தனிச் சூழலில் நிறுவும் கோண்டாவை வைத்துவிட்டார் என்று வையுங்கள். அந்தச் சூழலுக்குள் ஒரு வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து ஓட்டும் எம்பிஐ-யும் இருந்தால், அதைத் தொடங்க எம்பிஐரன் என்று நீங்கள் கூப்பிடும்போது வருவது கணினியில் நிறுவியதல்ல, கோண்டாவினுடையது. நூலகங்களை (மென்பொருள் பயன்படுத்தும் துணைக் கோப்புகளை) எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத்தில் ஒரு மென்பொருளுக்காக எழுதிய அடைவு இன்னொரு மென்பொருளுக்கு வேறு நூலகத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். பிழை என்று ஒரு வரி வந்தால் நல்லது. வராமல் ஓடிவிட்டால், ஆய்வேட்டில் ஒரு பதிப்பின் பெயரை எழுதி, இன்னொன்றின் எண்களை அச்சடிப்பீர்கள். குரோமாக்ஸ் எழுதிவைக்கும் உங்கள் எம்டி லாக் கோப்பைத் திறந்து தலைப்பகுதியைப் பாருங்கள். ஓடிய பதிப்பும் அது எந்த அடைவிலிருந்து வந்தது என்பதும் அங்கே இருக்கும். இதுவரை ஓட்டியதற்கெல்லாம் பார்த்துவிடுங்கள் தங்கச்சி, இந்த வாரமே.

ஆகவே மென்பொருளின் சூழலை யாருடைய பாஷ்ஆர்சியிலும் எழுத வேண்டாம். கூடுதல் மென்பொருள்களுக்கான ஆப்ட் அடைவில் ஒவ்வொரு பதிப்பையும் தனித்தனியாக நிறுவுங்கள். பழையதை அழிக்காதீர்கள், புதுப் பதிப்பு உண்டாக்கிய டிபிஆர் கோப்பை (ஓட்டத்துக்கான உள்ளீட்டை)ப் பழையது படிக்காது, பாதி வழியில் இருப்பவருக்குத் தொடங்கிய பதிப்பே வேண்டும். குரோமாக்ஸ் தன்னோடு ஜிஎம்எக்ஸ்ஆர்சி என்ற கோப்பைத் தருகிறது. அதை சோர்ஸ் கட்டளையால் படிக்கவைத்தால் அந்தப் பதிப்புக்கு வேண்டிய மாறிகள் எல்லாம் அமைந்துவிடும். அந்த வரியை ஓட்டத்துக்கான ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். எட்சி என்ற அமைப்பு அடைவுக்குள் புரொஃபைல் டாட் டி அடைவில் வைத்தால் எல்லோருக்கும் கிடைக்கும் என்பார்கள். உள்நுழையும்போதுதான் அது படிக்கப்படும், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரான் வழியாக ஓடும் வேலைக்கு எட்டாது. ஸ்கிரிப்ட்டிலேயே இருந்தால் எங்கிருந்து ஓட்டினாலும் அதே பதிப்புதான், ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் தெரியும்.

மென்பொருள்கள் பெருகினால் என்விரான்மென்ட் மாட்யூல்ஸ் போடுங்கள். 1991-ல் ஜான் ஃபர்லானி இதே தொல்லைக்காக விவரித்த முறை, இன்றும் பெரிய கணினி மையங்களில் வழக்கில் இருக்கிறது. மாட்யூல் லோட் என்று வேண்டிய பதிப்பை ஏற்றி, அன்லோட் என்று இறக்கிவிடலாம்.

எத்தனை கோரில் (செயலியின் அலகில்) ஓட வேண்டும் என்று சொல்லும் ஓஎம்பி நம் திரெட்ஸ் மாறியையும் ஸ்கிரிப்ட்டிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பல மென்பொருள்கள் இருக்கிற கோர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும், இரண்டு பேர் ஓட்டினால் இருவருக்கும் ஆமை வேகம்தான். யாருக்கு எத்தனை கோர் என்று சார் முன்னால் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

படிப்பு முடிந்து போகிறவரின் அக்கவுன்ட்டை அழித்துவிடாதீர்கள். அழித்த அக்கவுன்ட்டின் அடையாள எண் பின்னால் புதிதாக வருபவருக்குப் போகலாம், பழையவரின் கோப்பெல்லாம் புதியவருடையதாகிவிடும். காலாவதித் தேதி போட்டு மூடிவைத்தால் போதும். கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் நுழைந்துவிடுவார்.

இதையெல்லாம் யாருடைய ஓட்டமும் நடக்காத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பழைய பொது அக்கவுன்ட்டை ஒரு பருவம் அப்படியே விட்டுவையுங்கள். அதில் கிடக்கும் கோப்புகள் யாருடையவை என்று எட்டுப் பேரும் கூடி உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டியிருக்கும். கோப்பைப் பார்த்து லினக்ஸால் அதைச் சொல்ல முடியாது.

அன்புடன்,
அண்ணாச்சி