யோபுவின் வாயை அடைத்தாரா கடவுள்?

கேள்வி: பைபிளின் யோபு புத்தகத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடந்த யோபு 'ஏன்?' என்று கேட்டார். கடவுளோ பெருங்காற்றிலிருந்து, 'நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய்?' என்று மடக்குகிறார். நியாயம் கேட்டவரிடம் அதிகாரத்தைக் காட்டுவது சரியா? அப்படியானால் கடவுளிடம் கேள்வியே கேட்கக் கூடாதா?

பதில்: அந்த முதல் வரியோடு நிறுத்திக்கொண்டால் மிரட்டல் மாதிரித்தான் கேட்கும். ஆனால் 38-ம் அதிகாரத்தில் தொடங்கும் பேச்சு 41 வரை போகிறது. மிரட்டி அனுப்ப நினைப்பவர் இத்தனை நேரம் வரையாட்டையும் காக்கைக் குஞ்சையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டார்.

என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். மனுஷர் யாரும் குடியில்லாத பாழ்நிலத்தில் மழை பெய்து புல் முளைக்கிறது. அங்கே அறுவடை செய்ய ஆள் இல்லை, வரி வாங்க ராஜா இல்லை. ஆனாலும் பெய்கிறது. வரையாடு ஈனுவதற்கு எத்தனை மாதம் என்று கணக்கு வைத்திருக்கிறவர் அவர். இரை கிடைக்காத காக்கைக் குஞ்சுகள் கத்துவது அவர் காதில் விழுகிறது. காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டதும் அவர்தான். ஓட்டுகிறவனின் அதட்டலுக்கு அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த வரிசையில் போர்க்குதிரை ஒன்றைத் தவிர மனுஷனுக்கு உழைக்கும் மிருகம் எதுவும் கிடையாது. அவருடைய ராஜ்யம் நமக்காக மட்டும் நடக்கவில்லை என்பதுதான் யோபுவுக்குக் காட்டப்படுகிறது.

கடல் விஷயம் இன்னும் அழகு. பாபிலோனியரின் படைப்புக் கதையில் மர்துக் என்னும் தேவன், கடலான தியாமத்தைக் கொன்று, உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக்குகிறான். யோபுவில் கடல் பிறந்த குழந்தை. கடவுள் அதற்கு மேகத்தை உடுத்தி, இருளைச் சுற்றி, 'இதுவரைக்கும் வரலாம், இதற்கு மேல் கூடாது' என்று எல்லை வைக்கிறார். லிவியாதான் என்னும் கடல் அசுரப் பிராணியும் அப்படித்தான். பைபிளிலேயே சங்கீதம் 74-ல் அதன் தலைகள் நொறுக்கப்படுகின்றன, உண்மை. இங்கே சண்டையே இல்லை. காற்றுகூட நுழையாதபடி செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதையும், அது தும்மினால் ஒளி தெறிப்பதையும், செய்தவரே ரசித்து ரசித்துச் சொல்கிறார். எதிரியைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை.

சரி, யோபுவின் 'ஏன்' என்ன ஆயிற்று? அதற்கு நேரடிப் பதில் அங்கே இல்லை, மழுப்ப வேண்டியதில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில், யோபுவைச் சோதிக்கக் கடவுள் சாத்தானுக்கு இடம் கொடுத்த பேச்சைக்கூடக் கடைசிவரை யோபுவிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அது உறுத்துகிற இடம்தான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 'கடவுளைக் கேள்வி கேட்பது பாவம்' என்று இந்த அதிகாரங்களைக் காட்டி, துக்கத்தில் இருப்பவர்களை அடக்குகிற பிரசங்கிகள் 42-ம் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது. அப்புறம் கடவுளுக்கு வக்காலத்து வாங்கக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவனான பில்தாத், பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனிடமே, 'உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலன்' என்கிற தோரணையில் பேசினான். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வந்தது யார்மேல்? அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாஸ்மேலும் மற்ற இருவர்மேலும். 'என் தாசனாகிய யோபுவைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை' என்கிறார். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோய்ப் பலியிடச் சொல்கிறார். அதுவும் போதவில்லை. கேள்வி கேட்டாரே, அந்த யோபுதான் அவர்களுக்காக வேண்டிக்கொள்ள வேண்டியிருந்தது.